உரோமாபுரியின் காலை வணக்கம்

உரோமாபுரியிற் பொழுது புலருமுன்னரே எளியோர் பலர், தோகா என்னும் கனத்த மேலாடையை உடுத்துச் செல்வர் மனைவாயிலிற் காத்துநிற்பர். தம்மைப் புரப்போனை வணங்கி, அவன் அளிக்கும் சிறுகூடை உணவையோ, அதற்கு ஈடாகிய காசினையோ பெற்று மீள்வர். மார்ஷியல் என்னும் புலவர் காலத்தில் அது 100 குவாத்ரான்ஸ் என்னும் சிறு காசு. பாடற்றிறம் வாய்ந்த அவரும் அவ்வாயில்களில் நின்றவரே என்பதை எண்ணுங்கால் எம் உள்ளம் வருந்துகின்றது.

குடியரசு நிலவிய நாளில் இவ்வணக்கத்தோடு வாக்கும் சென்றது. கி. பி. 14-இல் திபேரியு ஆட்சியெய்தியதும் உயர்பதவித் தேர்தல் மக்களிடமிருந்து செனட் சபைக்கு மாறிற்று. வாக்கு ஒழிந்தும் வணக்கம் ஒழிந்திலது. ஏனெனின், வழக்கிற்கும் கடனுக்கும் பெரியோர் துணை வேண்டியிருந்தது. அப்பெரியோர்க்கோ வாயிலிற் கூடும் கூட்டமே பெருமை. அவர்தாமும் பேரரசன் வாயிலிற் சென்று நின்றனர்!

உரோமர் உணவிற்கும் கேளிக்கைக்கும் தம் உரிமையை விற்றனர் என்பாருளர். யாம் அதனை முற்றும் உடன்படோம். அகுஸ்துவின் இறுதிக் காலத்தில் இலவசத் தானியம் பெற்றோர் 2,00,000-க்குச் சற்று மேற்பட்டோரே. அஃது ஒரு குடும்பத்திற்குப் போதுவதுமன்று. தேரோட்டக்களமோ, மக்கள் பேரரசனை நேரிற் கண்டு முறையிடற்குரிய இடமாயிருந்தது. காயு ஆண்ட நாளில் வரியைக் குறைக்குமாறு ஆங்குக் கூவினர். கூவியோரைப் பிடித்துக் கொல்லுமாறு அவன் பணித்தான். கி. பி. 41 ஜனவரியில் அவனே தன் காவற்படையினராற் கொலையுண்டான். பின்வந்த கிலவுதியு, காட்சிகளில் மக்களோடு நகையாடி, வென்றோர்க்கு ஈந்த பொற்காசுகளை அவரோடு சேர்ந்து தானும் உரக்க எண்ணினான்.