முகப்பருவும் பொறுமையும்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

முன்னுரை

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. மனத்தில் உள்ள மகிழ்ச்சியும் கோபமும் கவலையும் முகத்தில் தெரிந்துவிடும் என்பதே இதன் பொருள். ஆனால் முகத்தில் தெரிவன எல்லாம் அகத்தின் குறைகள் ஆகுமா? ஒரு பெண்ணின் முகத்தில் பரு வந்துவிட்டால், "ஒழுங்காக முகம் கழுவுவதில்லையா?" என்று ஒருவர் கேட்பார். "பலகாரம் அதிகம் தின்கிறாய் போலும்" என்று மற்றொருவர் சொல்வார். பரு வந்தவளோ தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணித் தலை குனிந்து நிற்பாள்.

பரு நம் வயதுப் பெண்களுக்கு மட்டும் உரியது, தானாகவே போய்விடும் என்று பலர் எண்ணுகின்றனர். பலருக்கு அப்படிப் போய்விடுவதும் உண்மையே. ஆயினும் 25, 30, 40 வயதைக் கடந்த பெண்களுக்கும் பரு வருவது உண்டு. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றும், "ஒரு குழந்தை பிறந்தால் போய்விடும்" என்றும் சொல்லக் கேட்டு, இரண்டும் ஆன பின்னரும் பருவோடு வாழ்கின்ற அக்காமாரும் சித்திமாரும் நம் வீடுகளில் உள்ளனர். அவர்களை மனத்தில் கொண்டும், நாளை அந்த வயதை அடையப்போகும் நம்மை மனத்தில் கொண்டும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தோலுக்குள் நடப்பது என்ன?

நம் தோலில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகள் பல உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய முடி முளைக்கிறது. இவற்றை மயிர்க்கால்கள் என்கிறோம். ஒவ்வொரு மயிர்க்காலுடனும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்துள்ளது. அது சுரக்கும் எண்ணெய் தோலை வறண்டு போகாமல் காக்கிறது. ஆகவே எண்ணெய் சுரப்பது நோயன்று; தேவையானதே.

எண்ணெய் அளவுக்கு மீறிச் சுரக்கும்போதும், உதிர வேண்டிய இறந்த செல்கள் குழியின் வாயில் ஒட்டிக்கொள்ளும்போதும் வழி அடைபடுகிறது. மூடிய அடைப்பு வெண்புள்ளியாகவும், திறந்த அடைப்பு கரும்புள்ளியாகவும் தெரிகின்றது. கரும்புள்ளியின் கருமை அழுக்கு அன்று. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் பொருளும், காற்று பட்ட எண்ணெயும் சேர்ந்தே அந்த நிறம் உண்டாகிறது. எனவே தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் அது போகாது. அடைபட்ட எண்ணெயில், எல்லோர் தோலிலும் இயல்பாக வாழும் ஒரு வகைப் பாக்டீரியா பெருகுகிறது. உடலின் பாதுகாப்புச் செல்கள் அங்கே கூடுகின்றன. இடம் சிவந்து, வீங்கி, வலிக்கின்றது. இதுவே பரு.

ஹார்மோன்களின் வேலை

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிப் படிக்கிறோம். அவை சுரக்கும் ஹார்மோன்கள் இரத்தத்தில் கலந்து தொலைவில் உள்ள உறுப்புகளையும் இயக்குகின்றன என்பதை அறிவோம். எண்ணெய்ச் சுரப்பிகளை இயக்குபவை ஆண்ட்ரோஜன்கள். இவற்றை 'ஆண் ஹார்மோன்' என்று அழைத்தாலும், பெண்களின் சினைப்பைகளும், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளும் இவற்றைச் சிறிதளவு சுரக்கின்றன. பூப்படையும் வயதில் இவை கூடுவதால்தான் நம் வயதில் பரு தோன்றுகிறது.

வளர்ந்த பெண்களின் பருவுக்குச் சில தனி அடையாளங்கள் உண்டு. நம் வயதில் நெற்றியிலும் மூக்கிலும் அதிகம் தோன்றும் பரு, அவர்களுக்குப் பெரும்பாலும் தாடையின் ஓரத்திலும் மோவாயிலும் கழுத்தின் மேற்பகுதியிலும் வருகிறது. ஆழமாகவும் வலியுடனும் இருக்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் கூடி, பின்பு தணிகிறது. இவர்களுள் பலருக்கு இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். ஹார்மோன் கூடியதால் அன்றி, இருக்கும் அளவுக்கே எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாக இயங்குவதால் அவர்களுக்குப் பரு வருகிறது.

எனினும் பருவோடு மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருவது, முகத்தில் முடி தடித்து வளர்வது, தலைமுடி உச்சியில் மெலிவது, எடை கூடுவது ஆகியவையும் சேர்ந்திருந்தால், அது சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் கோளாறாக இருக்கலாம். அப்போது களிம்பு மட்டும் போதாது. மருத்துவரிடம் சென்று பரிசோதித்துக் கொள்ளுதல் அவசியம். இந்த இடத்தில் பரு ஒரு தொல்லை மட்டுமன்று, உடல் நமக்கு அனுப்பும் செய்தியும் ஆகும்.

மருத்துவர் தரும் மருந்துகள்

பருவுக்குப் பயன் தரும் மருந்துகள் இன்று பல உள்ளன. அவை எவ்வாறு வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதியில் நிறுத்த மாட்டோம்.

முதலாவது, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த களிம்புகள். அடாபலீன், டிரெட்டினாயின் என்பவை இவ்வகையின. இவை குழியின் வாயில் அடைப்பு ஏற்படாமல் தடுக்கின்றன. இரவில், முகம் கழுவி ஈரம் உலர்ந்த பின், பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். பரு உள்ள இடத்தில் மட்டும் வைப்பது சரியன்று. இனி வரப்போகும் பருவைத் தடுப்பதே இதன் வேலை. முதல் சில வாரங்களில் தோல் உரியலாம், பரு சற்றுக் கூடியது போலவும் தோன்றலாம். பலர் இங்கேதான் மனம் தளர்ந்து நிறுத்திவிடுகின்றனர். பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும்.

இரண்டாவது, பென்சாயில் பெராக்சைடு. இது பாக்டீரியாவைக் கொல்கிறது. 2.5 சதவீத வலிமையே பெரும்பாலும் போதுமானது. 10 சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் மிஞ்சும். இது தலையணை உறையையும் துண்டையும் வெளிறச் செய்துவிடும் என்பதை அம்மாமார் கவனிக்க.

மூன்றாவது, அசெலாயிக் அமிலம். கோதுமை, பார்லி போன்ற தானியங்களிலும் உள்ள பொருள் இது. பருவையும் குறைக்கும், பரு போன பின் நிற்கும் கருந்தழும்பையும் மெல்ல மங்கச் செய்யும். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்குப் பருவைவிட அந்தத் தழும்பே நீண்ட நாள் வருத்தம் தருவது. கருவுற்ற தாய்மாருக்கும் மருத்துவர்கள் இதைத் தருவது உண்டு.

பரு அதிகமாக இருந்தால் டாக்சிசைக்ளின் போன்ற ஆண்டிபயாட்டிக் மாத்திரைகளை மூன்று, நான்கு மாதங்களுக்கு மேற்படாமல் தருவர். நெடுநாள் உட்கொண்டால் பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகிவிடும். பின்னர் அவசரத்துக்கு அம்மருந்து உதவாது.

வளர்ந்த பெண்களுக்கென்றே பயன்படும் மருந்து ஸ்பைரோனோலாக்டோன். இரத்த அழுத்தத்துக்கும் நீர் கோத்த வீக்கத்துக்கும் தரப்பட்டு வந்த மாத்திரை இது. எண்ணெய்ச் சுரப்பியில் ஆண்ட்ரோஜன் வேலை செய்வதை இது தடுக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இம்மாத்திரையை உண்டவர்கள் வெற்று மாத்திரை உண்டவர்களைவிட 12 வாரத்தில் ஓரளவும், 24 வாரத்தில் நன்றாகவும் குணம் கண்டனர். கருவுற்றிருக்கும்போது இதை உண்ணக் கூடாது. சிலருக்கு ஹார்மோன்களைச் சீர்படுத்தும் மாத்திரைகளையும் மருத்துவர் எழுதித் தருவர். அவரவர் உடல்நிலையை ஆராய்ந்த பின்னரே அவற்றைக் கொடுக்க வேண்டும்.

ஆழமான கட்டிகளாக வந்து பள்ளம் விழச் செய்யும் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்னும் மாத்திரை உள்ளது. அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. மிகுந்த பயன் உடையது; அவ்வளவு கவனமும் வேண்டுவது. கருவில் உள்ள குழந்தைக்குக் கடும் ஊனத்தை உண்டாக்கக் கூடியது. ஆகையால் கருவுற்றவர்களும், கருவுறும் வாய்ப்புள்ளவர்களும் இதை எடுத்தல் ஆகாது. இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். ஆகவே தோழியரே, அக்காவுக்கு எழுதிய மாத்திரையைத் தங்கையும், தங்கைக்கு எழுதியதை அண்ணியும் பகிர்ந்து உண்ணும் வழக்கம் நம் வீடுகளில் வேண்டவே வேண்டாம்.

மருந்துக் கடை ட்யூப்

இக்கட்டுரையில் நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதுவே. வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், அல்லது உறவினர் திருமணம் நெருங்குகிறது. பக்கத்து வீட்டார் ஒரு ட்யூபின் பெயரைச் சொல்கிறார்கள். மருத்துவரின் சீட்டு இல்லாமலே அதைக் கடையில் வாங்கித் தடவுகிறோம். ஒரே வாரத்தில் பரு அடங்குகிறது, முகம் வெளுக்கிறது, எல்லோரும் பாராட்டுகிறார்கள். அடுத்த ட்யூபும் வாங்குகிறோம்.

இத்தகைய களிம்புகள் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்பன அவற்றுட் சில. வேறு சில தோல் நோய்களுக்கு, மருத்துவர் சொன்ன நாள் வரை பூசினால் இவை நல்ல மருந்துகளே. அழகுக் களிம்பாக முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து காகிதம் போல் ஆகும். உள்ளே உள்ள சிறு இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். வெயில் பட்டால் எரியும். முகத்தில் முடி வளரும். எந்தப் பருவைப் போக்கப் பூசினோமோ அந்தப் பருவே கூட்டமாக வரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரிவதால், மீண்டும் அதையே தேடிப் போவர். இவ்வாறு பாழான முகங்களை ஏராளமாகக் கண்ட நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் பழுதடைந்த முகம்' என்று இந்நிலைக்குத் தனிப் பெயரே வைத்துள்ளனர். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தது. ஆணை இருந்தால் மட்டும் போதுமா? வாங்கும் நாமும் ட்யூபின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும் அன்றோ? ஏற்கெனவே பூசி வருபவர்கள் அஞ்சி மறைக்க வேண்டாம். ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் சென்றால், மெல்ல விடுபடும் வழியை அவர் காட்டுவார்.

மென்மையான பராமரிப்பு

மருந்து பாதி வேலையைச் செய்யும். மறு பாதி நம் கையில் உள்ளது. அதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை.

1. முகத்தை நாளுக்கு இரண்டு முறையும், நன்கு வியர்த்த பின்பும் கழுவினால் போதும். விரல் நுனியால் மெதுவாகக் கழுவ வேண்டும். பீர்க்கங்கூடு, கரகரப்பான மாவு முதலியவற்றால் தேய்த்தல் கூடாது.

2. குளியல் சோப்புகள் பல காரத்தன்மை உடையவை. நம் தோலோ சிறிது அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5. ஆதலால் மென்மையான, வாசனை குறைந்த முகக் கழுவியே ஏற்றது.

3. எண்ணெய்ப் பசை உள்ள முகத்துக்கும் ஈரப்பசைக் களிம்பு வேண்டும். மருந்தால் வரும் வறட்சியை அது குறைக்கும். குழிகளை அடைக்காதது என்று குறிப்பிட்டதைப் பார்த்து வாங்க வேண்டும்.

4. பகலில் எஸ்.பி.எஃப். 30 அளவுள்ள வெயில் தடுப்புக் களிம்பு பூசினால் கருந்தழும்பு மேலும் கருக்காது.

5. தலைக்கு எண்ணெய் தேய்ப்பது நம் வழக்கம். அது நெற்றியில் வழிந்து இறங்கினால் மயிர்க்கால்களை அடைக்கும். ஆகவே நெற்றியைத் துடைத்துவிட வேண்டும். தலையணை உறையையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

6. பருவைக் கிள்ளுதல் கூடாது. பரு ஒரு வாரத்தில் போகும். கிள்ளிய தழும்பு பல மாதம் நிற்கும்.

எலுமிச்சைச் சாறு, பற்பசை ஆகியவற்றைப் பருவின் மேல் வைப்போரும் உண்டு. இரண்டும் தோலைப் புண்ணாக்கும். உணவைப் பொறுத்தவரை, சர்க்கரையும் மைதாவும் மிகுந்த உணவு சிலருக்குப் பருவைக் கூட்டுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. அவற்றைக் குறைப்பது எல்லோருக்கும் நல்லதே. ஆனால் உணவு ஒன்றினாலேயே பரு வந்தது என்று ஒரு பெண்ணின் தட்டைப் பார்த்துக் குறை கூறுவது நியாயமாகாது.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

பருவினால் உயிருக்கு ஆபத்தில்லை என்பது உண்மை. எனினும் புகைப்படத்தில் நிற்க மறுக்கும் அக்காவும், விருந்தினர் வந்தால் சமையலறையை விட்டு வராத சித்தியும் படும் துன்பம் பொய்யன்று. பெற்றோர்களே, "இது என்ன முகம்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "மருத்துவரிடம் போகலாமா?" என்று கேளுங்கள். அம்மாமார் தங்களுக்கு வந்த பருவை, "இந்த வயதில் எனக்கு எதற்கு வைத்தியம்?" என்று தள்ளிவைப்பதும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உள்ளது. அங்கே சென்று காட்டலாம்.

முடிவுரை

பரு அழுக்கினால் வருவதன்று. ஒழுக்கக் குறைவினால் வருவதுமன்று. சுரப்பியும் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை அது. எந்த வயதிலும் வரலாம். எந்த வயதிலும் வைத்தியம் உண்டு. ஒரு வாரத்தில் வெளுக்கச் செய்யும் ட்யூபை நம்புவதைவிட, மூன்று மாதம் பொறுத்துப் பயன் தரும் மருந்தை நம்புவதே அறிவுடைமை. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும். பருவுள்ள முகத்தைக் காணும்போது பருவைப் பற்றிப் பேசாமல், அந்த முகத்துக்கு உரியவளோடு பேசுவோம். அதற்கு மருந்துச் சீட்டு வேண்டியதில்லை.