ஆய்வாளரிடம் பேசும் முறை

சொந்தமாக மென்பொருள் நிறுவனம் தொடங்கும் நம் இளைஞர்கள் வாடிக்கையாளரைத் தேடி அலைகிறார்கள். அந்த வாடிக்கையாளர் யாரைக் கேட்டு முடிவெடுக்கிறார் என்பதைக் கவனிப்பதில்லை. பெரிய வங்கிகளும் ஆலைகளும் மென்பொருள் வாங்குமுன் தொழில்துறை ஆய்வாளரைக் கலந்துகொள்வது வழக்கம்.

ஐ.டி.சி. 1964-லும், கார்ட்னர் 1979-லும், ஃபாரெஸ்டர் 1983-லும் அமெரிக்காவில் தோன்றிய ஆய்வு நிறுவனங்கள். கார்ட்னரின் 'மேஜிக் குவாட்ரன்ட்' என்ற நாற்கட்டப் படம், செயலாற்றும் திறன், தொலைநோக்கு ஆகிய இரண்டையும் அளந்து நிறுவனங்களை வரிசைப்படுத்துகிறது.

நினைவில் கொள்ள வேண்டியவை:

1. விளக்கம் வேறு, ஆலோசனை வேறு. கார்ட்னர் ஆய்வாளரிடம் நம் பொருளை விளக்கக் கட்டணம் இல்லை. அவருடைய ஆலோசனையைப் பெறத்தான் சந்தா வேண்டும்.

2. நம் துறையைக் கவனிப்பவர் யார் என்று அறிந்து, அவர் எழுதியதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

3. மிகைப்படுத்தாதீர்கள். அவர் நம் வாடிக்கையாளர்களிடமும் பேசுகிறார். குறை இருந்தால் நாமே சொல்லி, அது எப்போது தீரும் என்பதையும் கூறுவது நல்லது.

4. அறிக்கை வெளிவரும் சமயத்தில் மட்டும் தேடிப் போகாமல், ஆண்டு முழுவதும் தொடர்பு வைத்திருங்கள்.

5. தகவல் பிழையென்றால் சான்றுடன் திருத்தம் கேளுங்கள். கருத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். தன்னைத் தாழ்த்தி மதிப்பிட்டதாக நெட்ஸ்கவுட் நிறுவனம் 2014-இல் கார்ட்னர்மீது வழக்குத் தொடுத்தது. அந்த மதிப்பீடு வெறும் கருத்தே என்று கூறி, கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றம் 2020-இல் கார்ட்னர் பக்கமே தீர்ப்பளித்தது.

சந்தா கட்டினால் நல்ல பெயர் கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. சொன்னதைச் செய்து காட்டும் நிறுவனத்தையே ஆய்வாளர் நம்புவார்.