வெளுத்த ஆயில்

காரைக்கால் மீன்பிடித் துறைமுகம். விடியற்காலை 3 மணி. விசைப்படகில் ஐஸ் ஏற்றியாகிவிட்டது. டீசலும் நிரப்பியாகிவிட்டது.

"இன்ஜினைப் போடலாமா அண்ணே?" என்று தம்பி கேட்டான்.

"பொறு. முதலில் ஆயிலைப் பார்" என்றார் அண்ணன்.

தம்பி அளவுக் குச்சியை உருவினான். துணியால் துடைத்தான். மறுபடி முழுவதும் உள்ளே விட்டு எடுத்தான். குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இருந்தது. மோர் போல வெளுத்தும் இருந்தது.

"நேற்றைவிட ஏறியிருக்கிறது. நல்லதுதானே அண்ணே?"

"ஊற்றாத ஆயில் எப்படி ஏறும்? தண்ணீர் கலந்துவிட்டது. டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பது இயல்பு. வெளுத்தால்தான் ஆபத்து."

இன்ஜினுக்குள் இரும்போடு இரும்பு உரசாமல் காப்பது ஆயில். தண்ணீர் கலந்தால் அது காக்காது. பேரிங் தேயும். நடுக்கடலில் இன்ஜின் ஜாம் ஆகி நிற்கும். அலையில் படகு எங்கே போகும்?

அன்று படகு போகவில்லை. ஒரு நாள் வருமானம் போனது. ஆனால் இன்ஜின் பிழைத்தது. ஆயில் கூலரில் ஓட்டை இருந்ததை மெக்கானிக் கண்டுபிடித்தார். கூலரை மாற்றினார். கெட்ட ஆயிலை வடித்து, உள்ளே சுத்தம் செய்தார். புது ஆயிலும் புது பில்டரும் போட்டார். தம்பி அந்தத் தேதியை நோட்டில் எழுதினான்.

நினைவில் வையுங்கள்:

1. தினமும் இன்ஜினைப் போடும் முன் ஆயிலைப் பாருங்கள்.
2. ஓடும்போது ஆயில் பிரஷர் முள் திடீரென இறங்கினால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.
3. இன்ஜின் புத்தகத்தில் உள்ள மணிக்கணக்குப்படி ஆயிலையும் பில்டரையும் மாற்றுங்கள்.
4. பழைய ஆயிலைக் கடலில் ஊற்றாதீர்கள்.

உங்கள் படகில் கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது? தேதியை எழுதுங்கள்.