வாடிக்கையாளர் விவரமும் நமது பேரேடும்

வியாபாரிகள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. "நம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? ஐ.சி. எண்ணைக் கேட்டால் கொடுத்துவிட்டுப் போவோமே" என்கிறார் ஒருவர். "இந்தச் சட்டமெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு, சில்லறைக் கடைக்காரனை யார் கேட்கப் போகிறார்கள்?" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவரோ, "அரசாங்கத் தளத்திலேயே எண் வெளியாகிவிட்டது, நாம் மட்டும் ஏன் மூடி மூடி வைக்க வேண்டும்?" என்று கேட்கிறார். இம்மூன்று அபிப்பிராயங்களிலும் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதை இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம். நான் சட்டம் படித்தவன் அல்லன். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவன். ஆயினும் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தார் வெளியிட்டிருக்கும் வழிகாட்டிகளை வாசித்து, விளங்காத இடத்தில் விளங்கியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறர் விவரத்தைக் காப்பது நமக்குப் புதிய பாடம் அல்ல. நம் வாப்பாமார் காலத்தில் பற்று வரவுப் புத்தகம் கல்லாப்பெட்டிக்குள் இருந்தது. எந்த வீட்டில் எவ்வளவு கடன் நிற்கிறது, யார் சம்பளம் வாங்கியதும் கட்டுவார், யார் இரண்டு மாதம் இழுப்பார் என்பதெல்லாம் கடைக்காரருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மட்டுமே தெரியும். பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்தால் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஒருவருடைய கடனை இன்னொருவரிடம் சொன்ன கடைக்காரனுக்கு அதன்பின் வாடிக்கை நிற்காது. அது அமானிதம் என்பது எழுதாத விதியாக இருந்தது.

அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் புத்தகத்தில் இருக்கிறது, மனிதரில் அல்ல. அந்தப் பேரேடு ஒன்றே ஒன்று. திருடுபோனால் போனது தெரியும். இன்று கடைப்பையன் தன் கைப்பேசியில் ஒருவருடைய அட்டையைப் படம் பிடிக்கிறான். அந்தப் படம் அவன் கைப்பேசியில் ஒன்று, முதலாளிக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப்பில் ஒன்று, இருவருடைய கைப்பேசிகளும் தாமாகவே சேமித்து வைக்கும் இணையக் களஞ்சியத்தில் இரண்டு என்று பெருகிவிடுகிறது. பையன் வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது அதுவும் கூடவே போகிறது. நம்மிடமிருந்து ஒன்றும் குறைவதில்லையாதலால், போனதே நமக்குத் தெரியாது. "ஒளிக்க என்ன இருக்கிறது" என்று கேட்கும் சகோதரர் இதை யோசிக்க வேண்டும். தம்முடைய விவரத்தைப் பற்றி அவர் எப்படியும் முடிவு செய்துகொள்ளலாம். பிறருடைய விவரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. மேலும், ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவரும் தம் சம்பளச் சீட்டைக் கடை வாசலில் ஒட்டி வைப்பதில்லையே!

இனி சட்டத்துக்கு வருவோம். சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் பதிவேடு 2014 ஜனவரியிலும், மற்றப் பிரதான விதிகள் அதே ஆண்டு ஜூலை 2-ஆம் தேதியிலும் நடப்புக்கு வந்தன. இதில் கடை சிறியதா பெரியதா என்ற பேதம் கிடையாது. ஒரே ஆள் நடத்தும் பெட்டிக்கடையும் 'ஸ்தாபனம்' என்ற சொல்லுக்குள் அடங்கும். அத்தகைய ஒவ்வொரு ஸ்தாபனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரைக் குறிப்பிட வேண்டும். தனி ஆளாக வியாபாரம் செய்பவர் தம்மையே அதிகாரியாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தவறினால் அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை போகலாம். ஆண்டு விற்றுமுதல் 1 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட கம்பெனியானால், 2022 அக்டோபரிலிருந்து அந்த விற்றுமுதலில் நூற்றுக்குப் பத்து வரை விதிக்க இடமுண்டு. இரண்டாவது சகோதரரின் அபிப்பிராயம் இத்துடன் தீர்ந்தது.

சட்டத்தின் சாரம் நமக்குப் புரியாததல்ல. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று வாங்க வேண்டும். சொன்ன காரியத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். பத்திரமாக வைக்க வேண்டும். தேவை முடிந்தபின் அழித்துவிட வேண்டும். கொடுத்தவர் "என் விவரம் உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் காட்டவும், பிழை இருந்தால் திருத்தவும், சம்மதத்தை அவர் திரும்பப் பெற்றால் நிறுத்தவும் கடமைப்பட்டிருக்கிறோம். வியாபாரத்துக்கென்று ஒருவர் தந்த விசிட்டிங் கார்டு மாத்திரம் இதில் சேராது. அது பிறர் அறியவே அச்சிடப்பட்டது.

நம்மவர்கள் அதிகமாக இடறும் இடம் அடையாள அட்டைதான். 2019 செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் ஆணையத்தின் வழிகாட்டி நடப்பில் இருக்கிறது. அதன்படி ஐ.சி. எண்ணைக் கேட்டு எழுதுவதும், அட்டையை நகல் எடுப்பதும், அட்டையையே வாங்கி வைத்துக்கொள்வதும் கூடாது. சட்டம் கேட்கும்போதும், ஆள் இன்னார்தான் என்று மிகத் திட்டமாக உறுதி செய்ய வேண்டிய அவசியம் உள்ளபோதும் மட்டுமே எண்ணும் நகலும் வாங்கலாம். அட்டையையே பிடித்து வைக்க வேண்டுமானால் சட்டத்தின் ஆதாரம் இருந்தாக வேண்டும். குலுக்கல் பரிசுச் சீட்டுக்கும், கடையின் அங்கத்தினர் அட்டைக்கும், கைவண்டி இரவல் கொடுப்பதற்கும் ஐ.சி. எண் தேவையில்லை. கைப்பேசி எண்ணோ ஒரு வரிசை எண்ணோ போதும்.

எங்கே கேட்கலாம், எங்கே கேட்டேயாக வேண்டும் என்பதையும் நம் வியாபாரிகள் அறிவது அவசியம். ஏனெனில் நம்மவர்களில் நாணயமாற்றுக்காரர் அநேகர். நாணயமாற்றும் பணம் அனுப்புவதும் 2019-ஆம் ஆண்டின் கட்டணச் சேவைகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதில் விதித்த இடங்களில் வாடிக்கையாளர் இன்னார் என்று சரிபார்த்து, அந்த ஆவணங்களை ஐந்தாண்டுகள் காத்து வைக்க வேண்டும். நகைக்கடையில் 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கமாகக் கைமாறினாலும் சரிபார்ப்பும் அறிக்கையும் உண்டு. கைப்பேசி சிம் அட்டை விற்பவரும் அடையாளத்தைப் பதிவு செய்தாக வேண்டும். இவர்களிடம் வந்து "என் எண்ணைக் கேட்க உமக்கு உரிமையில்லை" என்று சண்டை பிடிக்கும் வாடிக்கையாளரும் உண்டு. அவரிடம் கோபிக்காமல், எந்தச் சட்டத்துக்காகக் கேட்கிறோம் என்பதை எழுதி மேஜைமேல் வைத்திருந்தால் பாதி வாக்குவாதம் குறையும். ஆனால், சட்டத்துக்கென்று வாங்கிய அதே எண்ணைப் பெருநாள் தள்ளுபடி விளம்பரம் அனுப்பும் பட்டியலில் சேர்த்துவிட்டால், அங்கே நாம்தான் குற்றவாளி.

கடனுக்கு ஈடாகத் தொழிலாளியின் வொர்க் பெர்மிட் அட்டையை வாங்கி மேஜை அறையில் போட்டு வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு என்று கேள்விப்படுகிறேன். இதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். அந்த வழிகாட்டி வெளிநாட்டவரின் அடையாள எண்ணுக்கும் வொர்க் பெர்மிட் எண்ணுக்கும் பொருந்தும். அரிசியும் எண்ணெயும் வாங்கிய அறுபது வெள்ளிக்காக ஒரு மனிதன் தான் யார் என்று காட்டும் ஒரே சான்றை நம்மிடம் விட்டுவிட்டுத் தெருவில் நடக்க வேண்டுமா? அவன் கட்டவில்லையென்றால் நமக்குப் போவது அறுபது வெள்ளி. அட்டை தொலைந்தால் அவனுக்குப் போவது எவ்வளவு என்று அவனுடைய ஊரில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். அடமானம் இல்லாமல் கடன் கொடுக்கப் பயமாக இருந்தால் கடன் கொடுக்க வேண்டாம். எங்கள் கடையில் சிறு பற்றுகளுக்குப் பெயரும் கைப்பேசி எண்ணும் மட்டுமே எழுதுகிறோம். சிலருக்கு அதுவும் இல்லை. "நாலாம் மாடி அக்கா" என்றுதான் இருக்கிறது. அந்த அக்காவின் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

சிலர், "முழு எண் வேண்டாம், கடைசி மூன்று இலக்கமும் எழுத்தும் போதும்" என்று வாங்குகிறார்கள். இதனால் எண் மறைந்துவிட்டதாக நாம் நினைப்பது வீண். 1968-க்குப் பின் இங்கே பிறந்தவருடைய எண்ணில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. முன்னால் நிற்கும் எழுத்து 2000-க்கு முன் பிறந்தவருக்கு எஸ், அதன்பின் பிறந்தவருக்கு டி. ஆகவே வயது தெரிந்தவருக்கு மீதம் தெரியாதது நடுவிலுள்ள இரண்டே இலக்கங்கள். அதாவது நூறு வகை. கடைசி எழுத்தோ தன்னிச்சையாகப் போட்டதன்று. ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்து வரும் மீதியிலிருந்து பிறப்பது. அந்த எழுத்தை வைத்துக் கழித்தால் நூறில் ஒன்பது அல்லது பத்து எண்கள்தாம் எஞ்சும். கடைக்கு உதவிக்கு வரும் என் தம்பி மகன் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது, இந்தப் பெருக்கல் தெரிந்தவனுக்கு மறைப்பு ஒரு மெல்லிய துணிதான் என்று விளங்கிற்று.

இப்போது மூன்றாவது அபிப்பிராயம். 2024 டிசம்பர் 9-ஆம் தேதி, நமது தொழில்களைப் பதிவு செய்யும் அக்ரா ஆணையத்தின் புதிய பிஸ்ஃபைல் தளம் திறக்கப்பட்டது. அதில் ஒருவருடைய பெயரைத் தேடினால் முழு ஐ.சி. எண்ணும் இலவசமாகவே கண்ணில் பட்டது. அதில் இருந்தவை நம்மைப் போன்ற முதலாளிகள், இயக்குநர்கள், பங்காளிகளின் எண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜனங்கள் கொதித்தெழவே, 13-ஆம் தேதி அந்தத் தேடல் நிறுத்தப்பட்டது. அதற்குள் 5 லட்சத்துக்கு மேற்பட்ட தேடல்கள் நடந்துவிட்டன. 19-ஆம் தேதி அமைச்சர்கள் பத்திரிகையாளர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

அப்போது அரசாங்கம் சொன்ன விளக்கம் ஒன்றுண்டு. அதை அநேகர் தப்பாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஐ.சி. எண் என்பது பெயரைப் போல, ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்கு; அதை ரகசியம் என்று எண்ணிக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதுதான் ஆபத்து என்றார்கள். நம் பாஷையில் சொன்னால் கடையின் பெயர்ப்பலகை வேறு, கடையின் சாவி வேறு. பலகையைத் தெருவே வாசிக்கலாம். ஆனால் பலகையில் எழுதியிருப்பதைச் சொன்னவனுக்கெல்லாம் கதவு திறந்தால் அது யார் பிழை? இத்தனை காலமும் பல ஸ்தாபனங்கள், தொலைபேசியில் எண்ணைச் சொன்னவரை உரியவராகவே ஏற்றுக்கொண்டும், அனுப்பும் பத்திரங்களுக்கு எண்ணையே பூட்டாகப் போட்டும் வந்தன. 2025 ஜூனில் ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து, இவ்வழக்கத்தை விட்டுவிடுமாறு தனியார் ஸ்தாபனங்களுக்கு அறிவுறுத்தின. ஆகவே கடையில் யாராவது "இன்ன எண்காரர் பேசுகிறேன், என் கணக்கில் சரக்கைக் கொடுத்தனுப்புங்கள்" என்றால் எண்ணை நம்பிக் கொடுக்கக்கூடாது. வழக்கமான கைப்பேசிக்குத் திருப்பி அழைத்துக் கேட்க வேண்டும். எண் ரகசியமல்ல என்பதனால் நாம் இஷ்டம்போல் சேகரிக்கலாம் என்று அர்த்தமாகாது. 2019-இன் வழிகாட்டி அப்படியேதான் நிற்கிறது.

இவ்விடத்தில் நம்மவர் கேட்கும் குறை ஒன்று நியாயமானதே. நாம் கட்டுப்படும் இந்தச் சட்டம் அரசாங்க இலாகாக்களுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு 2018-ஆம் ஆண்டின் வேறு சட்டமும் உள்விதிகளும் உண்டு. கொரோனா காலத்தில் டிரேஸ்டுகெதர் செயலி 2020 மார்ச்சில் வந்தபோது, தொற்றுத் தடம் காண்பதற்கு மட்டுமே என்று சொல்லப்பட்டது. 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அதைப் பெற முடியும் என்பது நாடாளுமன்றத்தில் வெளிப்பட்டது. ஜனங்கள் கேள்வி எழுப்பியபின், அடுத்த மாதமே ஏழு வகைக் கொடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்றி வரம்பு கட்டினார்கள். ஒரு காரியத்துக்கென்று வாங்கியதை வேறு காரியத்துக்கு எடுக்கும்போது ஜனங்களுக்கு எவ்வளவு மனத்தாங்கல் ஏற்படும் என்பதற்கு இது போதும். அந்த மனத்தாங்கல் நமது கடையின் மீதும் வரும்.

கண்காணிப்புக் கேமரா பற்றியும் இரண்டு வார்த்தை. கேமரா இருக்கிறது என்று வாசலில் எழுதி வைக்க வேண்டும். திருடியதாகச் சந்தேகப்பட்டவர் முகத்தை முகநூலில் போட்டு "இவரைத் தெரியுமா?" என்று கேட்பது இப்போது ஒரு வேடிக்கையாகிவிட்டது. சந்தேகம் பொய்யானால் அந்த முகத்தை எப்படித் திருப்பி வாங்குவது? படத்தைக் காவல்துறையிடம் கொடுப்பதோடு நமது வேலை முடிந்தது.

மலேசியாவிலுள்ள சகோதரர்களுக்கும் இதுபோன்ற சட்டம் உண்டு. 2010-இல் இயற்றி 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. அங்குள்ள மைகாட் எண்ணில் முதல் ஆறு இலக்கமும் பிறந்த தேதியாகவே இருப்பதால், எண்ணைக் கொடுத்தவர் வயதையும் கூடவே கொடுத்துவிடுகிறார்.

கடைசியாக, எவ்வளவு கவனித்தும் கைப்பேசி தொலைந்து வாடிக்கையாளர் பட்டியல் வெளியே போய்விட்டால் என்ன செய்வது? சிங்கப்பூரில் 2021 பிப்ரவரி முதல் இதற்கு முறை இருக்கிறது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர் விவரம் போயிருந்தாலும், தொகை குறைவானாலும் அவர்களுக்குப் பெருந்தீங்கு நேரக்கூடியதாயிருந்தாலும், அப்படி என்று நாம் கண்டறிந்ததிலிருந்து மூன்று நாளுக்குள் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். தீங்கு நேரக்கூடியதானால் உரியவர்களுக்கும் சொல்ல வேண்டும். மூன்று நாள் என்பது நாட்காட்டி நாள். ஞாயிற்றுக்கிழமையும் பெருநாள் விடுமுறையும் அதில் கழியாது.