வாடகை வீடு வாங்குமுன் ஒரு கணக்கு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. ஆனால் தாம் குடியிருக்க வீடு கட்டுவது வேறு. பிறருக்கு வாடகைக்கு விட்டு வருவாய் காணும் பொருட்டு வீடு வாங்குவது வேறு. முன்னதில் மனநிறைவும் ஒரு பயன். பின்னதில் வரவும் செலவுமே பேசும். ஆயினும் நம்மவரில் பலர் வாடகை வீட்டையும் மனநிறைவு கொண்டே வாங்குகின்றனர். அதனால் விளையும் இடர்களையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

இப்பொருளை நான் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. என் தந்தையார் நூற்பாலையில் 31 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றார். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து ரூ.14 லட்சம் கைக்கு வந்தது. சில நாட்களிலேயே தரகர் ஒருவர் வீடு தேடி வந்தார். ரூ.30 லட்சத்தில் ஒரு வீடு, பத்து லட்சம் கையிலிருந்து போட்டால் போதும், மீதி 20 லட்சத்திற்கு என் அண்ணன் பெயரில் வங்கிக் கடன், மாதம் ரூ.9,000 வாடகை வரும். "வாடகையே கடனை அடைத்துவிடும்" என்றார். தந்தையார் முன்பணம் கொடுக்கவே நாள் பார்த்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கூட்டு வட்டிச் சூத்திரம் தெரிந்தவனும் நான் ஒருவனே. ஆகவே நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

வீட்டின் உண்மையான அடக்க விலை

விற்பவர் சொல்லும் விலை அடக்க விலை ஆகாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 விழுக்காடு. ஆக 9 விழுக்காடு. முழு விலைக்கும் பத்திரம் செய்தால் ரூ.30 லட்சம் வீட்டிற்கு இதுவே ரூ.2,70,000. தரகு ரூ.30,000, வெள்ளையடித்தல், குழாய் பழுது முதலியவற்றிற்கு ரூ.30,000 எனக் கொண்டால் மொத்த அடக்கம் ரூ.33,30,000 ஆகிறது. கடன் போகக் கையிலிருந்து போட வேண்டியது பத்து லட்சம் அன்று, ரூ.13,30,000. அதாவது தந்தையாரின் 31 ஆண்டு உழைப்பில் மிஞ்சுவது ரூ.70,000 மட்டுமே.

பேசும் வாடகையும் கையில் நிற்கும் வாடகையும்

மாதம் ரூ.9,000 என்றால் ஆண்டுக்கு ரூ.1,08,000. ஆனால் இது பேசும் வாடகை. ஒரு குடும்பம் காலி செய்து மறு குடும்பம் வருவதற்குள் ஆண்டுக்கு ஒரு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும் எனக் கொள்வதே அறிவுடைமை. எனவே,

காலியாக இருக்கும் ஒரு மாதம்: ரூ.9,000
வீட்டு வரி, தண்ணீர் வரி: ரூ.4,000
பழுது பார்த்தல்: ரூ.10,000
ஆக மொத்தக் கழிவு: ரூ.23,000

எஞ்சுவது ரூ.85,000. இதை ரூ.33,30,000 அடக்கத்தோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 2.55 ரூபாய்தான் தேறுகிறது. வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு வைத்தாலே இதைவிடக் கூடுதலாக வட்டி கிடைக்கும்.

வாடகை கடனை அடைக்குமா?

ரூ.20 லட்சம் கடன், வட்டி 9 விழுக்காடு, தவணைக் காலம் 20 ஆண்டுகள் எனக் கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.17,995. கையில் நிற்கும் வாடகையோ மாதத்திற்கு ரூ.7,083. துண்டு விழும் ரூ.10,900 அண்ணனின் சம்பளத்திலிருந்தே போக வேண்டும். அவருடைய சம்பளம் ரூ.36,000. அவருக்கு இனிமேல்தான் திருமணம் ஆக வேண்டும்.

"வாடகை ஆண்டுதோறும் ஏறுமே, தவணை ஏறாதே" என்று தந்தையார் கேட்டார். நியாயமான கேள்வி. ஆண்டுக்கு 5 விழுக்காடு வீதம் ஏறுவதாகக் கொண்டு கணக்கிட்டேன். பத்தாம் ஆண்டில் கையில் நிற்கும் வாடகை மாதம் ரூ.11,000 அளவே வருகிறது. இருபதாம் ஆண்டில்கூட ரூ.17,900தான். அதாவது கடன் முடியும் ஆண்டு வரையில் வாடகை ஒருமுறையேனும் தவணையை எட்டிப் பிடிப்பதில்லை! வட்டி வீதம் நடுவில் உயர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். வாடகையே கடனை அடைக்கும் என்ற பேச்சு இங்கே உடைந்து போகிறது.

"வரிச் சலுகை கிடைக்கும்" என்பது அடுத்த பேச்சு. வாடகை வருமானத்தில் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, எஞ்சியதில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புக்கென ரசீது இன்றியே கழிக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் புதிய வரி முறையில் வீட்டினால் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க இயலாது. மேலும் 2025-26 நிதியாண்டு முதல் அம்முறையில் ரூ.12 லட்சம் வரையுள்ள சாதாரண வருமானத்திற்குத் தள்ளுபடியால் வரியே இல்லை. வரி கட்டாதவருக்கு வரிச் சலுகையால் என்ன பயன்?

விலை ஏறாதா?

ஏறலாம். ஆனால் எவ்வளவு ஏற வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். கடனுக்கு 9 விழுக்காடு வட்டி. வாடகையால் கிடைப்பது இரண்டரை விழுக்காடு. மீதி ஆறரை விழுக்காட்டை விலை உயர்வே ஈடு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் ஆறரை விழுக்காடு என்றால் 20 ஆண்டில் ரூ.30 லட்சம் வீடு ரூ.1 கோடியே 5 லட்சத்தைத் தாண்டியாக வேண்டும். அப்போதுதான் கடன் வட்டிக்குச் சரியாகும். இலாபம் அதற்கு மேல்தான்.

அடுக்ககம் என்றால் இன்னொன்றும் உண்டு. விலை ஏறுவது மண்ணுக்கு. கட்டடம் நாளுக்கு நாள் பழையதாகும். ஆகவே அடுக்ககத்தில் நம் பெயருக்கு வரும் பிரிபடாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்பதைக் கேட்டறிய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறிய விலை விற்றால்தான் பணமாகும். வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் ஓர் அறையை மட்டும் விற்க முடியாது.

ஆவணங்களைப் பார்க்கும் முறை

கணக்கு ஒத்துவந்த பிறகே ஆவணங்களைப் பார்க்க வேண்டும். மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை உரிமை இடையறாது வந்திருக்க வேண்டும். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, கட்டட அனுமதி வரைபடம், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகியவை தேவை. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்களே தெரியும். பதியாத கடனும் ஒத்தியும் தெரியா. ஆகவே அசல் பத்திரம் விற்பவர் கையில் இருக்கிறதா என்பதையும், வீட்டில் இப்போது குடியிருப்பவர் எந்த ஏற்பாட்டில் இருக்கிறார் என்பதையும் நேரில் கேட்க வேண்டும்.

பூர்வீகச் சொத்தானால் பெண் மக்களின் கையெழுத்து மிக முக்கியம். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாடு 1989 ஆம் ஆண்டிலேயே பங்குரிமை தந்தது. நாடு முழுவதற்கும் 2005 இல் அவ்வுரிமை வந்தது. மணமாகிப் போன தங்கையின் கையெழுத்து இல்லாமல் வாங்கிய வீடு பின்னால் வழக்கு மன்றம் ஏறலாம்.

வாடகைச் சட்டம்

தமிழ்நாட்டில் 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2017 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். மாறான உடன்படிக்கை இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக் கூடாது. பத்து மாத முன்பணம் வாங்கிப் பழகியவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். வாடகை பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துதல் சட்டத்திற்கு மாறானதாகும். வாடகை முறையாக வராவிடில் அதற்குரிய மன்றத்தை நாடுவதே வழி.

ஒத்திக்கு விடுவது பற்றியும் ஒரு சொல். ரூ.5 லட்சம் வாங்கிக்கொண்டு, மாதம் ரூ.4,000 வாடகை வரக்கூடிய வீட்டை ஒத்திக்கு விட்டால், ஆண்டுக்கு ரூ.48,000 வாடகையை இழக்கிறோம். அது 9.6 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கியதற்குச் சமம். ஒத்திப் பணம் வருமானம் அன்று. திருப்பித் தர வேண்டிய கடன். அதை மகள் திருமணத்திற்குச் செலவிட்டுவிட்டுத் தவிப்போர் பலர்.

குடியிருப்போர் பக்கம்

எனக்குப் பன்னிரண்டு வயது ஆகும் வரை நாங்கள் லைன் வீட்டில் குடியிருந்தோம். எட்டுக் குடும்பங்களுக்கு ஒரு குழாய், இரண்டு கழிப்பறை. ஒரு கோடையில் உரிமையாளர் மோட்டார்ச் செலவைக் குறைக்கக் குழாயைப் பூட்டினார். மூன்று மாதத்தில் எட்டில் ஐந்து வீடுகள் காலியாயின. மோட்டாருக்கு மிச்சப்படுத்திய சில நூறு ரூபாய்க்காக அவர் இழந்த வாடகை எத்தனை ஆயிரம்! குடியிருப்போர் முதலில் கேட்பது தண்ணீர், அடுத்தது கழிப்பறை, பின்பு பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம், வேலைக்குச் செல்லும் தூரம். பளிங்குத் தரையைக் கேட்டு வருபவர் அரிது. மின் கட்டணத்தில் யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் கூட்டி வாங்கி இலாபம் பார்ப்பதும் வீட்டைக் காலி செய்ய வைக்கும் வழியே. ஆண்டுக் கணக்கில் நிலைத்திருந்து, முறையாக வாடகை தரும் ஒரு குடும்பம், ஐந்நூறு ரூபாய் கூடுதல் வாடகையைவிட மதிப்பு மிக்கது.

எங்கள் வீட்டில் நடந்தது

"முப்பது வருசமா ஆலையில நின்னு சம்பாதிச்சதுடா. உன் நோட்டுக் கணக்கு தப்பாப் போச்சுன்னா?" என்றார் தந்தையார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தேர்வில் விடை தவறினால் மதிப்பெண் போகும். இதில் தவறினால் குடும்பமே அல்லவா பாதிக்கப்படும்! மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, "கணக்கு சரி, ஆனால் இதற்கு மாற்று என்ன என்று அப்பா கேட்பாரே, அதற்கு விடை வைத்திருக்கிறாயா?" என்றார்.

அக்கேள்வியே வழி காட்டியது. எங்களுக்குச் சொந்தமாகச் சிறிய ஓட்டடுக்கு மாடி வீடு அன்று, மூன்று அறைகள் கொண்ட கான்கிரீட் வீடு உண்டு. மனைக்கு இனிப் பணம் தர வேண்டியதில்லை. மேலே 400 சதுர அடியில் ஒரு பகுதி கட்டினால், சதுர அடிக்கு ரூ.2,200 வீதம் ரூ.8,80,000 ஆகும். மாதம் ரூ.5,000 வாடகை, ஆண்டுக்கு ரூ.60,000. ஒரு மாதம் காலி, வரி, பழுது என ரூ.11,000 கழித்தால் ரூ.49,000. இது 5.5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். தரகர் காட்டிய வீட்டைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். கடனும் இல்லை. பொறியாளரை அழைத்து அடித்தளம் தாங்குமா என்று பார்த்து, உள்ளாட்சி அனுமதியும் பெற்ற பிறகே வேலையைத் தொடங்கினோம்.

என் கணக்கு முழுவதும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். கட்டுமானச் செலவு ரூ.9,70,000 வரை போயிற்று. முதலாண்டில் இரண்டு மாதம் பகுதி காலியாக இருந்தது. ஆகவே முதலாண்டில் தேறியது நாலரை விழுக்காடே. ஆயினும் எஞ்சிய ரூ.4,30,000 அஞ்சலகச் சேமிப்பில் இருக்கிறது. மாதம் பிறந்தால் தாயார் கையில் வாடகை வந்து சேர்கிறது. அண்ணனின் சம்பளம் அண்ணனுடையதாகவே இருக்கிறது.

முடிவுரை

வாடகைக்கு வீடு வாங்கவே கூடாது என்பது என் கருத்தன்று. அடக்க விலை முழுவதையும் எழுதுக. பன்னிரண்டு மாத வாடகைக்குப் பதிலாகப் பதினொரு மாத வாடகையை எழுதுக. தவணையைக் கழித்துப் பார்க்க. துண்டு விழும் தொகையை யார் தருவார் என்பதற்கு விடை காண்க. ஆறு மாதத் தவணைக்குரிய பணத்தைத் தனியே ஒதுக்கி வைக்க. இத்தனைக்கும் பிறகு கணக்கு ஒத்துவந்தால் தாராளமாக வாங்கலாம்.

நம் கல்லூரியில் என்னைப்போல் வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர் பலர். பெற்றோரின் ஓய்வூதியப் பணம், நிலம் விற்ற பணம் ஆகியவற்றின் மேல் முடிவெடுக்கும் நாள் நம் வீடுகளிலும் வரும். அன்று தரகரின் பேச்சுக்கு எதிரே ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். நாம் கற்ற கல்வியின் முதற்பயன் அதுவாக அமையட்டும் என்று கூறி இக்கட்டுரையை நிறைவு செய்கின்றேன்.