வெயில், மங்கு, ஒளி சிகிச்சை: தோலுக்குப் பயனுள்ள குறிப்புகள்

வெளிச்சத்தை மருந்தாக்கியதற்காக டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. தோலில் வரும் காசநோயை அவர் விளக்கொளியால் ஆற்றினார். அதற்குப் பின் வந்த நூறாண்டு ஆராய்ச்சி, வெயில் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் தரவில்லை. எந்தக் கதிர், எவ்வளவு நேரம், யாருடைய தோல் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

நம் தோலுக்கு இது இன்னும் முக்கியம். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர், வெயில் பட்டால் சிவக்கிறதா கறுக்கிறதா என்று பார்த்துத் தோலை வகைப்படுத்தினார். இன்று வழக்கில் இருக்கும் ஆறு வகைகளில் நம்மில் பெரும்பாலோர் நான்காவது முதல் ஆறாவதுக்குள் வருவோம். வெளுத்த தோல் உள்ளவர்களுக்கு வெயிலால் புற்றுநோய் பயம். நமக்கு அந்தப் பயம் குறைவு. மங்கும் கறுந்திட்டும்தான் நம் பாடு. அதனால் அவர்களுக்கு எழுதிய ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நமக்குப் பொருந்துவதைப் பார்த்து இந்தக் குறிப்புகளைத் தொகுத்திருக்கிறேன்.

1. உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். தமிழ்நாட்டில் சுமார் 10 மணி முதல் 3 மணி வரை இந்த நிலைதான். செல்போனில் வானிலை பார்க்கும் இடத்திலேயே யு.வி. இண்டெக்ஸ் என்ற எண்ணும் இருக்கும். அது 3-ஐத் தொட்டாலே காப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊர்க் கோடை நண்பகலில் அது 11-ஐயும் தாண்டும். வடகம் பிழிவது, துணி உலர்த்துவது போன்ற மாடி வேலைகளைக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

2. ஜன்னல் கண்ணாடியை நம்பாதீர்கள். தோலைச் சுட்டெரிக்கும் யு.வி.பி. கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். கறுக்கவும் சுருங்கவும் வைக்கும் யு.வி.ஏ. கதிர் கண்ணாடி வழியாகவே உள்ளே வரும். 2012-இல் ஒரு மருத்துவ இதழில் 69 வயது அமெரிக்க லாரி ஓட்டுநரின் படம் வந்தது. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கித் தொங்கியது. வலது கன்னம் வயதுக்கேற்றபடி இருந்தது. நம் ஊரில் ஓட்டுநருக்கு ஜன்னல் வலப்பக்கம். காரின் முன் கண்ணாடியில் நடுவே ஒரு படலம் வைத்து ஒட்டியிருப்பதால் அது யு.வி.ஏ.வைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகளுக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. தினமும் காரிலோ பேருந்திலோ ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் பழகிக்கொள்ள வேண்டும்.

3. விட்டமின் டி வேண்டுமானால் வெளியே வாருங்கள். அதைத் தோலில் உண்டாக்குவது யு.வி.பி. அது கண்ணாடி தாண்டி வராது. அதிகாலை இளவெயிலிலும் மிகக் குறைவு. முகத்தை மறைத்துக்கொண்டு, கைகால்களில் மட்டும் முற்பகல் வெயில் சற்று நேரம் படட்டும். மங்கு உள்ளவர்கள் வெயிலைத் தேடிப் போவதைவிட, ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் சொல்லும் மாத்திரையை எடுத்துக்கொள்வதே நல்லது.

4. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் இளவெயிலில் காட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இந்த வழக்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது. 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளைத் தோட்டத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். ஒரு குழந்தையின் உடம்பில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருக்க, வெயில் பட்ட இடம் வெளிறியிருந்ததை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். ரிச்சர்டு கிரெமரும் உடன் பணியாற்றியவர்களும் அதை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்டார்கள். இன்று பிரசவ வார்டுகளில் எரியும் நீல விளக்கு அங்கிருந்து வந்ததுதான். நீல ஒளி, மஞ்சளுக்குக் காரணமான பிலிருபினை மாற்றி உடம்பிலிருந்து வெளியேற வைக்கிறது. விளக்கில் ஒளியின் அளவு நிலையாக இருக்கும், கண்ணுக்குக் கட்டு உண்டு, ரத்தத்தில் மஞ்சள் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஜன்னலோர வெயிலில் இதில் எதுவும் இல்லை. மஞ்சள் ஏறினால் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். டாக்டரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

5. குடை எடுத்துச் செல்லுங்கள், முடிந்தால் கறுப்புக் குடை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார் 2013-இல் கைக்குடைகளைச் சோதித்தபோது, சாதாரணக் குடைகளே முக்கால் பங்குக்கு மேல் புற ஊதாக் கதிரைத் தடுத்தன. கறுப்புக் குடைகள் 90 சதவீதத்தையாவது தடுத்தன. கடற்கரையில் மட்டும் குடை போதாது. மணலும் நுரையும் கதிரைக் கீழிருந்து மேலே திருப்பி அனுப்பும்.

6. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மறுபுறம் பளிச்சென்று தெரிந்தால் வெயிலும் அப்படியே உள்ளே போகும். நெருக்க நெய்த, அடர்நிறத் துணி நல்லது. நனைந்த வெள்ளைப் பருத்தி காய்ந்ததைவிடக் குறைவாகத்தான் காக்கும். நாற்று நடுகிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

7. சன்ஸ்கிரீனில் எண்ணைவிட அளவு முக்கியம். எஸ்.பி.எஃப். 30 சுமார் 97 சதவீத யு.வி.பி.யைத் தடுக்கும், 50 சுமார் 98. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த எண்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெற்றவை. நாம் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். யு.வி.ஏ.வுக்கு பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

8. மங்கு உள்ளவர்கள் நிறம் சேர்ந்த சன்ஸ்கிரீன் வாங்குங்கள். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு குறிப்பைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். புற ஊதாக் கதிரைத் தடுத்துவிட்டால் கறுக்காது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2010-இல் டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள், கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியையே தோலில் பாய்ச்சிப் பார்த்தார்கள். வெளுத்த தோலில் ஒன்றும் ஆகவில்லை. நம்மைப் போன்ற நான்கு முதல் ஆறாம் வகைத் தோல் கறுத்தது. அந்தக் கறுப்பு யு.வி.ஏ.வால் வந்ததைவிட அடர்த்தியாகவும் நீடித்தும் இருந்தது. பூசினால் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் சன்ஸ்கிரீன் இந்த ஒளியைத் தடுக்காது. தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீனில் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு தடுக்கும். மாதக்கணக்கில் கிரீம் பூசியும் மங்கு போகவில்லை என்று வருந்துகிற பெண்கள் பலருக்கு இந்த ஒரு மாற்றத்தை யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். செல்போன் திரையின் ஒளி வெயிலோடு ஒப்பிட மிகச் சொற்பம். அதற்காகத் தனிக் கிரீம் வாங்கிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

9. எலுமிச்சையை முகத்தில் தேய்க்காதீர்கள். கறுப்பு போக எலுமிச்சை என்று பாட்டி காலத்திலிருந்து கேட்கிறோம். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் சோரலின் வகைப் பொருள்கள் உண்டு. அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் வரும். ஆறிய பின் அதே இடம் கறுத்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நிற்கும். சாறு வழிந்த கோட்டிலேயே கறுப்பு விழுவதைப் பார்க்கலாம். ஜூஸ் கடையில் வேலை செய்பவர்களும், ஊறுகாய்க்கு நிறைய எலுமிச்சை அரிந்தவர்களும் கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெயிலில் இறங்க வேண்டும்.

10. கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள். குளியல் பொடியில் சேர்க்கும் கார்போகரிசியிலும் இருப்பது சோரலின்தான். வெண்புள்ளிக்கு இதைப் பூசி வெயில் காட்டுவது இந்திய மருத்துவத்தில் பழைய முறை. எகிப்தியர் நைல் கரையில் வளரும் வேறொரு செடியை இப்படிப் பயன்படுத்தினார்கள். 1940-களில் அப்தல் மொனெம் எல் மோஃப்தி என்ற எகிப்திய மருத்துவர் அதன் சத்தை நோயாளிகளிடம் முறைப்படி சோதித்தார். 1974-இல் பாஸ்டன் மருத்துவர்கள் சோரலினோடு யு.வி.ஏ. விளக்கைச் சேர்த்து சோரியாசிஸுக்கு சிகிச்சை ஆக்கினார்கள். முன்னோர் கண்டது சரி. சிக்கல் அளவில்தான் வருகிறது: அரைத்த விழுதில் எவ்வளவு சோரலின், அன்றைய வெயிலில் எவ்வளவு யு.வி.ஏ. என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இதனால் பெரிய கொப்புளங்களோடு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் உண்டு. டாக்டர் சோரலின் மாத்திரை கொடுத்திருந்தால், விழுங்கியதிலிருந்து 24 மணி நேரம் வெளிச்சத்தில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது.

11. வெண்புள்ளிக்கு ஒளி சிகிச்சை ஆரம்பித்தால் பாதியில் விடாதீர்கள். இப்போது பெரும்பாலும் கொடுப்பது 311 நானோமீட்டர் அளவில் வரும் குறும்பட்டை யு.வி.பி. ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 1997-இல் இதை வெண்புள்ளிக்குச் சோதித்து வெளியிட்ட பிறகு உலகெங்கும் பரவியது. மாத்திரை வேண்டாம், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, அடுத்தடுத்த நாள் இல்லாமல் போக வேண்டும். பத்து முறை போய்ப் பலனில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது 48 முறையாவது பார்க்க வேண்டும், 72 முறைக்குப் பிறகே பலனில்லை என்று முடிவு செய்யலாம் என்பது 2017-இல் வல்லுநர் குழு ஒன்று சொன்ன வழிகாட்டல். நிறம் முதலில் முடிக்கால்களைச் சுற்றிப் புள்ளிபுள்ளியாகத் திரும்பும். அங்கேதான் நிறமி செல்கள் மிச்சம் இருக்கின்றன. முகமும் கழுத்தும் சீக்கிரம் தேறும். விரல் நுனியும் பாதமும் பிடிவாதம் பிடிக்கும். திட்டிலுள்ள முடியும் வெளுத்திருந்தால் பலன் குறையும். இதைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் மனம் ஒடியாது. வெண்புள்ளி தொற்றாது என்பதைச் சுற்றியிருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

12. மங்குக்கு லேசர் முதல் மருந்து இல்லை. ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் 1983-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: சரியான அலைநீளத்தைச் சரியான நொடிப்பங்கில் பாய்ச்சினால் சுற்றியுள்ள தோலைச் சுடாமல் குறிவைத்ததை மட்டும் அழிக்கலாம். பச்சை குத்தியதை நீக்குவது, முடி நீக்குவது எல்லாம் இதில்தான் நடக்கிறது. மங்கில் பிரச்சினை வேறு. நிறமியைச் சிதறடித்தாலும் அதை உண்டாக்கும் செல் விழித்தபடியே இருக்கிறது. சூடு பட்டதும் இன்னும் வேகமாகச் சுரக்கும். அதனால் லேசர் செய்த சில மாதத்தில் மங்கு திரும்புவதும், முன்னைவிடக் கறுப்பதும், இடையிடையே வெள்ளைப் புள்ளி விழுவதும் நடக்கிறது. முதலில் நிறம் சேர்ந்த சன்ஸ்கிரீன், பிறகு டாக்டர் எழுதும் கிரீம், அதற்கும் அடங்காவிட்டால்தான் லேசர். அடுப்பு அனலும் மங்கைக் கூட்டும் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். முகத்தை அடுப்புக்கு மேலே நீட்டாமல் சமையுங்கள்.

13. பார்லரில் முடி நீக்க உட்காருமுன் எந்தக் கருவி என்று கேளுங்கள். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் பாதுகாப்பானது. ஐ.பி.எல். என்ற ஒளிக்கருவி முடியின் கருமைக்கும் தோலின் கருமைக்கும் வித்தியாசம் அதிகம் பார்க்காது. பழகாத கை என்றால் சூடு வைத்தாற்போல் தழும்பு விழும். சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்து, சில நாள் கழித்தே தொடரச் சொல்லுங்கள்.

14. பெயர் தெரியாத சிவப்பழகு கிரீமை வீட்டுக்குள் விடாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஒரு மாதம் முகம் பளபளக்கும்; பிறகு தோல் மெலிந்து, பருவும் ரத்தக் குழாய்க் கோடுகளும் வந்து, நிறுத்தினால் முகம் எரியும். சிலவற்றில் பாதரசம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் பழுதாகி வந்த பலர் இத்தகைய கிரீம் பூசியவர்கள் என்பதை அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்து எழுதினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத டப்பா எதுவானாலும் தூக்கிப் போடுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய படை மருந்தையும் முகத்தில் பூச வேண்டாம்.

15. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். பருவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் தரும் டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். நிறுத்த வேண்டாம், வெயிலைக் குறையுங்கள்.

16. ஸ்டிக்கர் பொட்டு இருந்த இடம் வெளுத்தால் உடனே நிறுத்துங்கள். பசையிலுள்ள ஒரு ரசாயனம் நிறமி செல்லைக் கொல்லும்.

17. மாதம் ஒருமுறை உள்ளங்காலைப் பாருங்கள். கறுத்த தோலில் மெலனோமா என்ற கொடிய புற்றுநோய் வருவது குறைவு. வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய வெயில் அதிகம் படாத இடங்களில்தான் வரும். சன்ஸ்கிரீன் இதைத் தடுக்காது. புதிதாகத் தோன்றி வளரும் கரும்புள்ளி, நகத்தில் நீளவாக்கில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு, ஆறாத புண் எதையாவது கண்டால் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் குனிய முடியாத பெரியவர்கள் இருந்தால் அவர்கள் பாதத்தையும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.