எத்தனை நிலையங்கள் வந்தாலும் ஒரே நிரல்: காத்தோங் மழையை வரைந்து பார்ப்போம்

விடியற்காலையில் துவாஸில் மழை கொட்டுகிறது. காத்தோங்கில் தரை காய்ந்து கிடக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து துவாஸில் மழை ஓய, காத்தோங்கில் குடையை விரிக்க வேண்டியதாகிறது. சிங்கப்பூரில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை இத்தகைய காலைப் பொழுதுகள் புதிதல்ல. சுமத்ரா தீவின் மேலோ மலாக்கா நீரிணையின் மேலோ இரவில் உருவாகும் இடிமழை மேகங்கள் நீண்ட வரிசையாகச் சேர்ந்து கிழக்கு நோக்கி நகர்கின்றன. இதையே சுமத்ரா சூறைக்காற்று என்கிறோம். அது தீவின் மேற்கு முனையை முதலில் தொட்டு, பிறகு கிழக்கே வருகிறது.

இந்த நகர்வைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். பல மழைமானிகளின் அளவீடுகளை ஒரே வரைபடத்தில் போட்டால் போதும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு: மழைமானிகளின் எண்ணிக்கை எல்லா நாளும் ஒன்றாக இருக்காது. எண்ணிக்கை மாறினாலும் திணறாத ஒரு சிறு நிரலை எப்படி எழுதுவது என்பதே இந்த வாரப் பாடம்.

தரவு எங்கிருந்து வருகிறது?

சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் தீவெங்கும் தானியங்கி மழைமானிகளை வைத்துள்ளது. மழைமானிகளில் பரவலாகப் பயன்படும் ஒரு வகை ஏற்றப்பலகை போன்றது. புனலில் விழும் மழைநீர் ஒரு சிறு வாளிக்குள் இறங்கும். குறிப்பிட்ட அளவு நிரம்பியதும் வாளி கவிழ்ந்து, மறுபக்க வாளி மேலே வரும். வாளி எத்தனை முறை கவிழ்ந்தது என்று எண்ணினால் மழையளவு தெரிந்துவிடும். இந்த அளவீடுகளை அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் 5 நிமிடத்திற்கு ஒருமுறை யாரும் இலவசமாகப் பெறலாம்.

ஒரு மானி பழுதானால் அதன் அளவீடு அன்று வராது. புதிய மானி வைத்தால் பட்டியலில் ஒன்று கூடும். அட்டவணையில் ஒரு நிலையத்திற்கு ஒரு நெடுவரிசை என்று வைத்தால், இன்று 4 நெடுவரிசை, நாளை 3, அடுத்த மாதம் 60கூட வரலாம்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூல்களில் அணியின் கிடைவரிசையை நிரை என்றும் நெடுவரிசையை நிரல் என்றும் சொல்வார்கள். கணினியியலில் நிரல் என்றால் கட்டளைத் தொகுப்பு. குழப்பம் வராமலிருக்க, இங்கே நிரல் என்பது கட்டளைத் தொகுப்பை மட்டுமே குறிக்கும்.

பயிற்சி அட்டவணை

கீழே உள்ளவை உண்மை அளவீடுகள் அல்ல. பயிற்சிக்காக அமைத்த எண்கள். 15 நிமிடங்களில் பெய்த மழை, மில்லிமீட்டரில். காத்தோங் வட்டாரத்திற்கு பூல் ரோடு நிலையத்தை எடுத்துக்கொள்கிறோம்.

நேரம், துவாஸ், கிளமெண்டி, பூல்ரோடு, சாங்கி
06:30, 9.4, 0.0, 0.0, 0.0
06:45, 4.2, 3.6, 0.0, 0.0
07:00, 1.0, 8.8, , 0.0
07:15, 0.2, 3.0, 10.2, 1.4
07:30, 0.0, 0.6, 5.4, 8.0
07:45, 0.0, 0.0, 1.2, 3.6

ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிகப் பெரிய எண்ணைத் தேடுங்கள். துவாஸில் 06:30, கிளமெண்டியில் 07:00, பூல் ரோட்டில் 07:15, சாங்கியில் 07:30. மழை மேற்கிலிருந்து கிழக்கே நடந்து வருவது தெரிகிறதா? துவாஸிலிருந்து பூல் ரோடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதைக் கடக்க 45 நிமிடம் என்றால், மழைக்கோட்டின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்.

கையால் பெயர் எழுதினால் என்ன ஆகும்?

முதன்முதலாக நிரல் எழுதுவோர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள்: "2ஆம் நெடுவரிசையை வரை, அதற்குத் துவாஸ் என்று பெயரிடு, 3ஆம் நெடுவரிசையை வரை, அதற்குக் கிளமெண்டி என்று பெயரிடு..." நான்கு நிலையங்களுக்கு நான்கு கட்டளைகள். இன்றைக்கு அது சரியாகவே வேலை செய்யும்.

நாளை ஐந்தாவதாக ஒரு நிலையம் சேர்ந்தால், அதை வரையச் சொல்லும் கட்டளை இல்லை. வரைபடம் அழகாகவே வரும். ஒரு நிலையம் விடுபட்டது யாருக்கும் தெரியாது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. கிளமெண்டி மானி பழுதாகி, அந்த நெடுவரிசையே கோப்பில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது 3ஆம் இடத்தில் இருப்பது பூல் ரோட்டின் மழை. நிரல் அதைக் கிளமெண்டி என்று காட்டும். 4ஆம் இடத்தில் இருப்பது சாங்கியின் மழை. நிரல் அதைப் பூல் ரோடு என்று காட்டும். 5ஆம் இடத்தைத் தேடும்போது சில மென்பொருள்கள் பிழை என்று சொல்லி நிற்கும். சில அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வரைந்துவிடும். பிழை என்று சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால், காத்தோங்கில் மழை உச்சம் 07:30 மணிக்கு என்று நம்பிவிடுவோம். வேகத்தையும் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று தவறாகக் கணக்கிடுவோம்.

தலைப்பு வரியைக் கேளுங்கள்

எத்தனை நெடுவரிசை, எவற்றின் பெயர் என்ன என்பதெல்லாம் கோப்பின் முதல் வரியிலேயே இருக்கின்றன. நாம் ஊகிக்க வேண்டியதில்லை. நிரலே அதைப் படித்துக்கொள்ளட்டும். நிரலின் படிகள் இவை:

1. கோப்பைத் திற. முதல் வரியைக் காற்புள்ளி உள்ள இடங்களில் வெட்டி, பெயர்ப் பட்டியலாக வை.
2. பட்டியலில் எத்தனை பெயர்கள் என்று எண்ணு. முதற்பெயர் நேரம், மற்றவை நிலையங்கள்.
3. மீதி வரிகளைப் படி. காலியாக உள்ள இடத்தை "அளவீடு இல்லை" என்று குறி.
4. இரண்டாம் நெடுவரிசையிலிருந்து கடைசி நெடுவரிசை வரை, ஒவ்வொன்றாக: அதன் எண்களை நேரத்திற்கு எதிராக வரை; பட்டியலில் உள்ள பெயரையே கோட்டுக்கு இடு.
5. அச்சுகளுக்குப் பெயரும் அலகும் எழுதி, படத்தைச் சேமி.

நான்காம் படிதான் இந்த நிரலின் உயிர். நிலையங்களின் எண்ணிக்கை அங்கே எண்ணாக எழுதப்படவில்லை. "கடைசி வரை" என்று மட்டுமே இருக்கிறது. 4 வந்தாலும் 60 வந்தாலும் அதே வரி போதும். பெயரும் எண்களும் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்படுவதால், கிளமெண்டி விடுபட்டாலும் பூல் ரோடு பூல் ரோடாகவே இருக்கும்.

பள்ளியில் கணினியியல் பாடம் எடுக்கும் மாணவர்கள் இதைப் பைத்தான் மொழியில் சில வரிகளில் எழுதிவிடலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: பைத்தான் 0 முதல் எண்ணும். நம் அட்டவணையில் நேரம் 0ஆம் இடம். நிலையங்கள் 1 முதல் 4 வரை. ஐந்து பெயர்கள் இருப்பதால், "1 முதல் 5 வரை" என்று எல்லை கொடுத்தால் பைத்தான் 5ஐத் தொடாமல் 4உடன் நின்றுவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான். இன்னொரு நல்ல செய்தி: பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே "நிலையங்கள்", "மழை" என்று பெயர் வைக்கலாம்.

வரைவதற்கு மேட்பிளாட்லிப் என்ற இலவச நிரலகம் உதவும். அதை உருவாக்கிய ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்ப்பதற்காகவே அவர் அதை எழுதத் தொடங்கினார். மூளையில் பல இடங்களிலிருந்து வரும் அலைகளும், தீவில் பல இடங்களிலிருந்து வரும் மழையளவும் நிரலின் பார்வையில் ஒன்றுதான்: நேரம் ஒன்று, நெடுவரிசைகள் பல.

காலி இடமும் பூஜ்யமும் ஒன்றல்ல

அட்டவணையில் 07:00 மணிக்குப் பூல் ரோட்டின் இடம் காலியாக இருப்பதைக் கவனித்தீர்களா? மானி வேலை செய்து "மழை இல்லை" என்று சொன்னால் அது 0.0. மானியிடமிருந்து தகவலே வராவிட்டால் அது காலி. முதலாவது பதில், இரண்டாவது மௌனம்.

காலி இடத்தைப் பூஜ்யமாக்கினால் கணக்குக் கெடும். பூல் ரோட்டின் மற்ற ஐந்து அளவீடுகளின் கூட்டுத்தொகை 16.8 மில்லிமீட்டர். ஐந்தால் வகுத்தால் சராசரி 3.36, காலி இடத்தையும் சேர்த்து ஆறால் வகுத்தால் 2.8. மொத்த மழையைச் சொல்லும்போதும் "16.8" என்பதைவிட "குறைந்தது 16.8" என்பதே நேர்மை. வரைபடத்தில் அந்த இடத்தில் கோடு அறுபட்டிருக்க வேண்டும்.

காற்புள்ளிக்குப் பதில் வெற்றிடத்தால் பிரித்த கோப்புகளில் ஆபத்து அதிகம். பல மென்பொருள்கள் அடுத்தடுத்த வெற்றிடங்களை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது 07:00 வரியில் சாங்கியின் 0.0 இடப்பக்கம் நகர்ந்து பூல் ரோட்டின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். "தகவல் இல்லை" என்பது "காத்தோங்கில் மழை இல்லை" என்று மாறிவிடும்! எனவே ஒவ்வொரு வரியிலும் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கை தலைப்பு வரியின் எண்ணிக்கைக்குச் சமமா என்று நிரலைச் சரிபார்க்கச் செய்யுங்கள். கடைசியில் "மொத்தம்" போன்ற நெடுவரிசை இருந்தால், அதை நிலையம் என்று எண்ணி வரையாதபடி விலக்கவும் சொல்லுங்கள்.

அறுபது கோடுகள் வந்தால்?

நிரல் அறுபது கோடுகளையும் வரைந்துவிடும்; பார்ப்பவருக்குத்தான் இடியாப்பம்போல் தெரியும். மேட்பிளாட்லிப் வழக்கமாகப் பத்து நிறங்களையே சுழற்சியில் தருகிறது. பதினோராவது கோடு முதல் கோட்டின் நிறத்திலேயே வரும்.

இதற்கு வழி, ஒரு நிலையத்திற்கு ஒரு சிறு கட்டம். வரிசைக்கு 3 கட்டங்கள் என்றால் எத்தனை வரிசைகள் வேண்டும்? நிலையங்களின் எண்ணிக்கையோடு 2ஐக் கூட்டி, 3ஆல் வகுத்து, மீதியை விட்டுவிடுங்கள். 7 நிலையங்களுக்கு (7 + 2) ÷ 3 = 3 வரிசைகள்; 2 கட்டங்கள் காலி. எல்லாக் கட்டங்களுக்கும் செங்குத்து அச்சின் அளவு ஒன்றாக இருக்கட்டும். இல்லையேல் தூறலும் பெருமழையும் ஒரே உயரமாகத் தோன்றும். கட்டங்களை அகரவரிசையில் அடுக்காமல் தீர்க்கரேகைப்படி மேற்கிலிருந்து கிழக்காக அடுக்கினால், சூறைக்காற்று நகர்வது பார்த்தவுடன் புரியும்.

ஏன் இவ்வளவு கவனம்?

1978 டிசம்பர் 2ஆம் தேதி பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவானது. சிங்கப்பூரின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 2,113 மில்லிமீட்டர். அதாவது ஓராண்டு மழையில் கிட்டத்தட்டக் கால்பங்கு ஒரே நாளில்! அன்றைய வெள்ளத்தில் உயிர்களும் பறிபோயின. அந்தப் பாய லேபார் காத்தோங்கிற்கு வடக்கே சில கிலோமீட்டரில்தான் இருக்கிறது. அத்தகைய நாளில் ஒரு நெடுவரிசை இடம் மாறினால், வெள்ளம் வரும் வட்டாரத்தை விட்டுவிட்டு வேறெங்கோ எச்சரிக்கை போகும். மழை மானியைத் தொட்டது முதல் நம் கண்ணுக்கு வரும் வரை, எண்ணும் பெயரும் பிரியாமல் வர வேண்டும்.

செய்து பாருங்கள்

1. மேலே உள்ள அட்டவணையை ஒரு கோப்பில் சேமித்து நிரலை இயக்குங்கள். பிறகு கிளமெண்டி நெடுவரிசையை முழுதாக நீக்கி, நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் மீண்டும் இயக்குங்கள். பூல் ரோட்டின் உச்சம் 07:15இலேயே இருக்கிறதா?
2. ஈஸ்ட்கோஸ்ட் என்று ஐந்தாவது நிலையத்தைச் சேர்த்து, நீங்களே எண்களைக் கொடுத்துப் பாருங்கள். கோடு தானாக வருகிறதா?
3. வரிசைக்கு 3 கட்டங்கள் எனில், 11 நிலையங்களுக்கும் 12 நிலையங்களுக்கும் எத்தனை வரிசைகள், எத்தனை காலிக் கட்டங்கள்?

மூன்றாம் கேள்விக்கு விடை: 11 நிலையங்களுக்கு 4 வரிசைகள், 1 காலி, 12 நிலையங்களுக்கு 4 வரிசைகள், காலி இல்லை.